மூணு கிராம், ரெண்டு தீக்குச்சி

— அவ்ளோ அழுத்தாத பாப்பா. மூச்சு முட்டிடும்.

— யாருக்குப்பா?

— பைப்புக்குத்தான். முதல் சிட்டிகைப் புகையிலைய குழந்தை கை மாதிரி தொட்டு வைக்கணும். ரெண்டாவதுக்குப் பொம்பள கை. கடைசிக்குத்தான் ஆம்பள கை.

— ஏன், பொம்பள கையில பலம் இல்லையாமா? யோவ் ஆர்லோ, இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டின கை இது. நெப்ராஸ்கா பனியில, பின்னாடி நாப்பது வாலில்லாத குரங்குகள வச்சுக்கிட்டு.

— சரி டெல்லா, உன் கைய விட்டுடறேன். அது எந்தக் கணக்குலயும் சேராது.

— அப்பா, நான் பல் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவ. இருபது வருஷமா தினம் எட்டுப் பேர்கிட்ட 'புகையிலைய விட்டுடுங்க'ன்னு சொல்லிட்டிருக்கேன். என் வாயில சோளக்கட்டைப் பைப்ப வச்சு உக்கார வச்சிட்டீங்களே, இது நியாயமா?

— நானா உக்கார வச்சேன்? ஐயோவாவுலேருந்து பிளேன் ஏறி, ஃபீனிக்ஸ்ல இறங்கி, வாடகைக் கார எடுத்துக்கிட்டு இந்தப் பொட்டல்ல வந்து நின்னது நீ. 'வண்டிச் சாவியக் குடுங்க, வீட்டுக்குப் போகலாம்'ன்ன. நான் முடியாதுன்னேன். நீ விடமாட்டேன்ன. காலைலேருந்து இதே பாட்டு.

— கேட்டுக் கேட்டு என் காதே புளிச்சுப் போச்சும்மா ரோண்டா. அதான் நான் நடுவுல வந்தேன். வண்டியே வீடா ஊர் ஊரா சுத்தற எங்க கூட்டத்துல ரெண்டு பேர் மல்லுக்கு நின்னா கத்தி முடிவு பண்றதில்ல, பைப் பிடிச்சு முடிவு பண்ணுவோம். ஆளுக்கு மூணு கிராம் புகையிலை, ரெண்டு தீக்குச்சி. யார் பைப் கடைசி வரைக்கும் எரியுதோ அவங்க சொன்னது செல்லும்.

— இன்னொரு தடவ விதிய எல்லாம் சொல்லுங்க ஆன்ட்டி. அப்புறம் அது தப்பு இது தப்புன்னு இவர் ஆரம்பிச்சுடுவார்.

— கேட்டுக்க. ரெண்டு குச்சியும் முதல் நிமிஷத்தோட சரி. அப்புறம் அணைஞ்சா அணைஞ்சதுதான். நாற்காலிய விட்டு எழுந்தா தோல்வி. பேசலாம், சிரிக்கலாம், திட்டலாம். பைப் அணைஞ்சா அவங்கவங்களே வாயத் தொறந்து சொல்லணும். மூணாவது ஆள் சொல்லக் கூடாது, நடுவரா இருக்கற நானும் சொல்லக் கூடாது. உன் பைப் அணைஞ்சுடுச்சுன்னு ஒருத்தர்கிட்ட சொல்றது எங்க ஆளுங்க நடுவுல பெரிய மரியாதைக் கேடு. எதிர்ல உக்காந்து போட்டி போடறவர் மட்டும், சந்தேகம் வந்தா 'காட்டு'ன்னு கேக்கலாம். கேட்டா காட்டியே ஆகணும்.

— நான் கேப்பேன், பாப்பா. பெத்த பொண்ணாச்சேன்னு விடமாட்டேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு டெக்சாஸ்காரன், செத்த பைப்ப வாயில வச்சுக்கிட்டு ராஜா மாதிரி உக்காந்திருந்தான். பத்தடி தள்ளி இருந்தே 'காட்டு'ன்னேன். மூஞ்சி பீட்ரூட்டா ஆயிடுச்சு.

— சரி. நீங்க ஜெயிச்சா?

— நீ தனியா பிளேன் ஏறு. நாளைக்கு எங்களுக்குப் பதினாலாவது நாள். அரசாங்க நிலம், அதுக்கு மேல ஒரே இடத்துல நிக்க விடமாட்டாங்க. இருபத்தஞ்சு மைல் தள்ளிப் போகணும். விடிஞ்சதும் நானே ஸ்டியரிங்கப் பிடிச்சுப் போவேன். நீ கையாட்டணும், சிரிச்ச முகமா.

— நான் ஜெயிச்சா?

— சாவி உனக்கு. வண்டிய வித்துடு. நீ சொல்ற குடியிருப்புல, நீ சொல்ற மாடியில உக்காந்துக்கறேன். முணுமுணுக்கக்கூட மாட்டேன்.

— நான் ஜெயிக்கமாட்டேன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சும் நான் ஏன் ஒத்துக்கிட்டேன் தெரியுமா? போன்ல ஏதாவது கேட்டா 'சிக்னல் இல்ல'ன்னு வச்சுடறீங்க. நேர்ல கேட்டா 'தண்ணி டேங்க்கப் பாத்துட்டு வரேன்'ன்னு கிளம்பிடறீங்க. இப்ப பைப் எரியற வரைக்கும் எழுந்திரிக்க முடியாது. என் எதிர்லயே உக்காந்து பதில் சொல்லியாகணும்.

— பாத்தியா டெல்லா? அப்படியே அவங்கம்மா புத்தி.

— நல்ல புத்திதான்யா. ம், ரெண்டு பேரும் குச்சிய எடுங்க. மணி ரெண்டு பத்து. கொளுத்து!

— ஐயே! அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு.

— உறிஞ்சாத பாப்பா. சூடான சூப்ப நுனி நாக்குல தொட்டுப் பாக்கற மாதிரி. நெஞ்சுக்குள்ள இழுக்காத, வாயோட நிறுத்து. ரெண்டாவது குச்சியையும் போட்டுடு. இப்ப மேல லேசா அமுக்கு. இந்தா, இந்த போல்ட்டால.

— இது என்ன போல்ட்டு?

— லிப்ட் கதவோடது. பதினெட்டு மாடிக் கட்டடம். லிப்ட் ரிப்பேர் வேலையில கடைசி நாள், வீட்டுக்கு வந்து பாக்கறேன், பாக்கெட்டுல கெடக்கு. முப்பத்தெட்டு வருஷம் லிப்ட் ஏறி இறங்கற குழிக்குள்ள கயித்தோட கயிறா தொங்கினேன். பைப்பக் கொளுத்தாமப் பல்லுல கடிச்சுக்கிட்டு. உள்ள நெருப்பு ஆகாது. சாயங்காலம் மேல வந்து, வானத்தப் பாத்து, அப்புறம்தான் குச்சி.

— பேச்ச மாத்தாதீங்கப்பா. வண்டியோட வலது பக்கக் கண்ணாடி எங்க?

— அது... பெட்ரோல் பங்க்ல ஒரு தூண் வந்து இடிச்சுடுச்சு.

— தூண் வந்துச்சா?

— நான் என் பாட்டுக்குத்தான் போயிட்டிருந்தேன். அது கெடக்கட்டும்.

— கெடக்கட்டும்னா? கண்ணு நடுவுல மங்குதுன்னு டாக்டர் போன வருஷமே சொன்னார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வரச் சொன்னார். நீங்க ஒரு தடவகூடப் போகல. அவர் நர்ஸ் எனக்குக் கூப்பிட்டுச் சொன்னதாலதான் நான் வந்தேன்.

— அவன் என்ன பண்ணுவான்? சுவத்துல எழுத்த மாட்டி வச்சுப் படின்னுவான். இங்க பாரு, எத்தன மைல் பாத்தாலும் படிக்கறதுக்கு ஒரு எழுத்து உண்டா? இந்த இடத்துக்கு என் கண்ணு போதும், பாப்பா.

— சரி, எதிர்ல என்ன தெரியுது? சொல்லுங்க.

— சொல்றேன். செம்மண் மலை. அடிவாரத்துல ஒரு கள்ளி, போலீஸப் பாத்த திருடன் மாதிரி ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்குது. இடது பக்கம் எங்க கூட்டத்து ஹேங்க்கோட நீலக்கோடு போட்ட வண்டி. நடுவுல கல் அடுக்கின நெருப்புக் குழி, நானே அடுக்கினது. போதுமா? கல்லு எத்தனன்னு சொல்லணுமா?

— போதும்.

— பாஸா பெயிலா?

— பாஸ்தான். ஆனா எனக்குப் பயம் போகலப்பா. இருபத்தெட்டு அடி நீள வண்டி. நெடுஞ்சாலை. எதிர்ல குழந்தை குட்டியோட கார் வரும்.

— அந்தப் பயம் எனக்கும் உண்டு பாப்பா. விளையாட்டில்ல. என் கண்ணால ஒரு உசுருக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா, நீ கேக்கவே வேணாம், நானே சாவியக் கொண்டுவந்து குடுப்பேன். அது என் வாக்கு. லிப்ட்ல எத்தன ஆயிரம் பேர் என்னை நம்பி ஏறி இறங்கியிருப்பாங்க. ஒருத்தருக்கும் ஒரு நகம்கூடப் பேந்ததில்ல.

— அது உண்மதான்.

— பத்து நிமிஷம் ஆச்சு. பரவாயில்லையே ரோண்டா! முதல் தடவ பிடிக்கறவங்க அஞ்சு நிமிஷத்துல இருமிட்டு ஓடிடுவாங்க.

— எனக்குத் தலை லேசா சுத்துது ஆன்ட்டி. அப்பா, சரி, நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. இங்க அப்படி என்ன இருக்கு?

— என்னைக் கேட்டா நான் எங்கேருந்து ஆரம்பிப்பேன்? உங்கம்மாகிட்டேருந்து ஆரம்பிக்கறேன். கல்யாணமான முதல் வாரமே சொல்லிட்டா நார்மா. 'ஆர்லோ, உன்னை எனக்குப் பிடிக்கும், உன் பைப்பையும் பிடிக்கும். ஆனா ரெண்டு பேரும் சேந்து என் ஹாலுக்குள்ள வரக் கூடாது. வெளிய போய்ப் பிடி.' போனேன். நாப்பத்தோரு வருஷம் பின்வாசப்படி. அவ செத்தப்புறம் நீ சேத்துவிட்டியே ஒரு குடியிருப்பு, அங்க பால்கனியில பிடிச்சேன். மேல் வீட்டம்மா புகார். மேனேஜர் வந்து வெளிய போங்கன்னான். வாசலுக்குப் போனேன். கதவுலேருந்து முப்பதடி தள்ளிப் போங்கன்னான். அளந்து பாத்துப் போனேன். அங்க என்ன இருந்துச்சு தெரியுமா?

— என்ன?

— குப்பைத் தொட்டி. ஜனவரி மாசம், முட்டியளவு பனி, குப்பைத் தொட்டியும் நானும். ரெண்டு பேரும் எப்ப எங்களக் கொண்டுபோவாங்கன்னு காத்துக்கிட்டு நின்னோம்.

— அப்பா...

— அப்பதான் யோசிச்சேன். எல்லாரும் வெளிய போ, வெளிய போங்கறாங்க. சரி, போறதுதான் போறோம், ஒழுங்காப் போவோம்னு வண்டி வாங்கிட்டேன். ஆயிரத்தஞ்சூறு மைல் தள்ளி வந்துட்டேன். இப்ப எவன் புகார் குடுக்கறான், பாக்கறேன்.

— சிரிக்க வைக்காதீங்க! அணைஞ்சுடும்.

— சிரி பாப்பா, சிரி. நீ சிரிச்சு எவ்ளோ நாளாச்சு.

— இவர் சொல்றது பாதிதாம்மா. நான் சொல்றேன் மீதிய. நான் பைப் பிடிக்கறது என் புருஷனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. குழந்தைங்கள இறக்கிவிட்டுட்டு, சோளக்காட்டு ஓரமா பஸ்ஸ நிறுத்திட்டு, கீழ இறங்கி டயருக்குப் பக்கத்துல குந்தி உக்காந்து பிடிப்பேன். எவனாவது வந்தா டயர்ல காத்து பாக்கற மாதிரி பாவ்லா. இருபத்தாறு வருஷம் அந்த டயருக்குக் காத்து பாத்தேன். அப்புறம் வேனை வாங்கிக்கிட்டு இங்க வந்து, முதல் நாள் சாயங்காலம் தைரியமா நாற்காலியப் போட்டுக் கொளுத்தினேன். பொம்பள பைப் பிடிச்சா சர்க்கஸ் பாக்கற மாதிரி பாப்பாங்களே. உங்கப்பா நேரா நடந்து வந்தார். 'என்ன புகையிலை?'ன்னார். அவ்ளோதான். அம்பத்தொன்பது வயசுல அன்னிக்குத்தான் ஒரு மனுஷன் என்கிட்ட மரியாதையா ஒரு கேள்வி கேட்டான்.

— வர்ஜீனியா இலைன்னு சொன்னா. இவ்ளோ நல்ல புகையிலைய டயருக்குப் பின்னாடி வீணாக்கியிருக்காளேன்னு எனக்கு வயித்தெரிச்சல்.

— வாய மூடு, பைப்ப கவனி. இருபது நிமிஷம்.

— இன்னொண்ணு சொல்றேன் பாப்பா. ஒரே புகையிலைதான், ஆனா ஊருக்கு ஊர் வேற ஆளு. இங்க காஞ்ச காத்து, சடசடன்னு எரிஞ்சுடும். ஆரெகான் கடக்கரையில ஈரம், மந்தமா, ஒரு பைப் ஒரு பிற்பகல் பூரா நிக்கும். கொலராடோ மலை மேல போனா நிமிஷத்துக்கு ஒரு தடவ அணையும், மேல காத்துக்கே மூச்சு வாங்குது. லிப்டுக் குழியில கெடந்தவனுக்கு இதெல்லாம் யாரு சொல்லுவா? போய்ப் பாத்தாத்தான் தெரியும்.

— அப்பா... அப்பா, என்னோட பைப்...

— என்ன உன் பைப்புக்கு? அதான் அழகா வருதே புகை! சீரா, அளவா. அப்படியே விடாமப் பிடி.

— ...அழகா வருதாப்பா?

— பின்ன? மூணடி தள்ளி உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துல குப்குப்புன்னு விட்ட. இப்பதான் கை வந்திருக்கு உனக்கு.

— ரோண்டா, நீ...

— வேணாம் ஆன்ட்டி.

— என்ன வேணாம்?

— தண்ணி, அப்பா. ஆன்ட்டி பாட்டிலக் காட்டி வேணுமான்னு கேட்டாங்க. வேணாம்னேன்.

— குடி பாப்பா, தப்பில்ல. விதியில தண்ணிக்குத் தடை இல்ல. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

— புகை. கண்ணுல பட்டுடுச்சு.

— முதல்ல அப்படித்தான் இருக்கும். டெல்லா, எவ்ளோ ஆச்சு?

— இருபத்தஞ்சு. ஆர்லோ... அவகிட்ட நீ ஏதாவது கேக்கணுமா?

— என்னத்தக் கேக்க? அவதான் என்னைக் கேள்வி கேக்க வந்திருக்கா. கேளு பாப்பா.

— ஒண்ணுமில்லப்பா. நீங்க பேசுங்க. நான் கேட்டுட்டிருக்கேன். அந்தக் கடக்கரை பத்திச் சொல்லுங்க.

— கடக்கரையா? அங்க ஒரு நாள் காலையில மழை. வெளிய போக முடியாது. வண்டிக் கதவத் தொறந்து வச்சுட்டு, வாசப்படியில உக்காந்து, கால் மழையில, தல வண்டிக்குள்ள. பைப் சரியா நடுவுல. நார்மாகிட்ட சொன்னேன், 'பாரு, உள்ளயும் இல்ல வெளியயும் இல்ல, உன் சட்டத்த மீறல'ன்னு. சத்தமாவே சொன்னேன். பக்கத்து வண்டிக்காரன் யார்கிட்ட பேசறீங்கன்னான். பொண்டாட்டிகிட்டன்னேன். அவன் சரின்னுட்டுப் போயிட்டான். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. இதான் பாப்பா இங்க இருக்கறது. ஊர்ல இருந்திருந்தா என்னை மாத்திரைக்கு அனுப்பியிருப்பாங்க.

— நானே அனுப்பியிருப்பேன்.

— ஆமா, நீயே முதல் ஆளா.

— ஆர்லோ, நான் ஒண்ணு கேக்கறேன். இந்த இடத்துக்கு நாம வரும்போது என் வேனுக்குப் பின்னாடி அவ்ளோ நெருக்கமா வந்தியே, ஏன்?

— நீ வேன் ஓட்டற அழகப் பாக்கத்தான்.

— என் பின் விளக்க முட்டற மாதிரி வந்த. நான் நின்னா நின்ன, நான் திரும்பினா திரும்பின. அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான். நான் அத பாசம்னு நினைச்சுட்டேன்யா. வெக்கத்த விட்டுச் சொல்றேன், ராத்திரி படுத்துக்கிட்டுச் சந்தோஷப்பட்டேன்.

— ஏய், என் மக எதிர்ல என்ன பேச்சு இது? அது... அது பாசம்தான்னு வச்சுக்கயேன்.

— எத்தன தடவ ஆன்ட்டி, அப்படி?

— மூணு தடவம்மா. நான்தான் முட்டாள்.

— என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்? போட்டியா இது, இழவு வீடா? எவ்ளோ ஆச்சு டெல்லா?

— நாப்பது.

— நாப்பதா! பாப்பா, நீ நாப்பது நிமிஷம் நின்னுட்டியா? அந்த டெக்சாஸ்காரன் முப்பத்தஞ்சுலயே படுத்துட்டான்! முப்பது வருஷமா பிடிக்கறவன்! டெல்லா, பாத்தியா, ரத்தம்! எங்க போகும்? பல்லு தேய்க்கச் சொல்லிக்கிட்டுத் திரியறாளே, நம்ம ஜாடை ஒண்ணுகூட இல்லையேன்னு நினைச்சேன்.

— அப்பா, நான் உங்கள இப்படிப் பாத்ததே இல்ல.

— எப்படி?

— இவ்ளோ பேசி. வீட்டுல நீங்க பின்வாசல்ல முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எனக்கு உங்க முதுகுதான் ஞாபகம். நீங்க யார்னு நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். இந்தச் சட்டையில சாம்பல், மூக்குல வெயில் உரிச்ச தோலு, கதை சொல்லும்போது ரெண்டு புருவமும் மேல ஏறுது. எவ்ளோ நல்லா இருக்கீங்க தெரியுமா? வழி பூரா உங்களத் திட்டிக்கிட்டே வந்தேன். பொறாமையா இருக்குப்பா எனக்கு. நிஜமா.

— போட்டி நடுவுல எதிராளிய அழவைக்கறது தப்பாட்டம். டெல்லா, விதியில சேத்துக்க.

— அப்பா, உங்களுக்கு என் முகம் தெரியுதுதானே?

— தெரியாம? உங்கம்மா முகம். நெத்தி மட்டும் என்னோடது.

— ம்.

— அம்பது நிமிஷம்.

— பேசாதீங்க யாரும். கடைசியில கொஞ்சம் இருக்கு, கீழ ஈரமா கெடக்கு. வா வா, தங்கமே, போயிடாத... போயிடாத... ஒரு இழுப்பு... ம்ஹூம். இருக்கு, இருக்கு... இல்ல. போச்சு. டெல்லா, அணைஞ்சுடுச்சு. நானே சொல்றேன், அணைஞ்சுடுச்சு. நேரத்த எழுது.

— அம்பத்தெட்டு நிமிஷம்.

— அம்பத்தெட்டு! நல்ல ஆட்டம்தான். என் மக என்னை ஜெயிச்சுட்டா. நாலு வருஷமா இந்தக் கூட்டத்துல என்னை ஒருத்தன் ஜெயிக்கல. பல் ஆஸ்பத்திரிக்காரி, முதல் பைப்புல, பெத்த அப்பனக் கவுத்துட்டா! ஹேங்க்கக் கூப்பிடு டெல்லா, எல்லாரையும் கூப்பிடு, என் பொண்ணு கைய வந்து குலுக்கிட்டுப் போகட்டும்! அழாத பாப்பா, எனக்கு வருத்தமே இல்ல. வாக்குன்னா வாக்கு. இந்தா சாவி. பிடி. ஏன் வாங்கமாட்டேங்கற?

— நான் ஜெயிக்கலப்பா. என் பைப் இருபத்திரண்டாவது நிமிஷத்துலயே அணைஞ்சு போச்சு, தட்டிக் கொட்டிட்டு மடியில வச்சுட்டேன். ஒரே ஒரு தடவ 'காட்டு'ன்னு கேளுங்கப்பா, கேட்டா சாவியத் தொடாமக் கிளம்பிடறேன்னு வேண்டிக்கிட்டு, முப்பத்தாறு நிமிஷமா உங்க முகத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.